யாருக்கு இந்த ஸ்வெட்டர்?

சென்னையில் ஊசியும் உல்லனுமாக உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்ப்பவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "யாருக்குங்க?" டாக்டர் வீட்டு நாற்காலியில், மெட்ரோவில், கல்யாண மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு முந்தைய அசமந்த நேரத்தில், எங்கே பையைத் திறந்தாலும் இதே விசாரணை. பேத்திக்கு என்றால் திருப்தி. பேத்தி அமெரிக்காவில் என்றால் முழுத் திருப்தி. "சும்மாதான் போடறேன்" என்று சொன்னால் முகம் மாறிவிடும். சும்மா பாட்டுக் கேட்கலாம், சும்மா ஒரு நடை நடந்துவிட்டு வரலாம். கத்திரி வெயிலில் சும்மா ஸ்வெட்டர் போடுகிறவளிடம் ஏதோ கோளாறு இருப்பதாகத்தான் நினைக்கிறார்கள்.

நான் இந்த வேலையைக் கற்ற ஊரில் அப்படி யாரும் கேட்டதில்லை. 1978 கடைசியில், கல்யாணமான கையோடு, அம்பாசமுத்திரத்திலிருந்து தில்லி சரோஜினி நகர் அரசுக் குடியிருப்புக்குப் போனேன். குளிர் என்றால் குற்றாலச் சாரல் என்ற அளவுக்குத்தான் எனக்கு ஞானம். முதல் டிசம்பரிலேயே அது தெளிந்தது. காலை பத்து மணிக்கு மேல் புல்தரையில் வெயில் விழுந்ததும் பிளாக்கிலுள்ள பெண்கள் அத்தனை பேரும் கயிற்றுக் கட்டில், வேர்க்கடலை, உரிக்க வேண்டிய பட்டாணி, ஊசி, உல்லன் சகிதம் கீழே இறங்கிவிடுவார்கள். கண் பிள்ளைகள்மேல், வாய் மருமகள்மேல், கை பாட்டுக்குக் கை. யாருக்குப் பின்னுகிறாய் என்று அங்கே கேட்பது, யாருக்குச் சமைக்கிறாய் என்று கேட்ட மாதிரி ஆகிவிடும். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான். அவர்கள் கேட்பதெல்லாம், என்ன டிசைன், எத்தனை கண்ணி, எந்தக் கடை உல்லன்.

டி.டி.சி. பஸ்ஸில் பின் சீட்டுக்காரி என் முதுகில் ஸ்வெட்டரை இழுத்துப் பிடித்துக் கண்ணிகளை எண்ணியிருக்கிறாள். முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. எத்தனையாவது வரிசையில் முறுக்கைத் திருப்பினாய் என்பதை அவள் இறங்குவதற்குள் சொல்லியாக வேண்டும். மத்தியச் செயலகத்துப் புல்வெளியில் மதிய இடைவேளையில் பின்னிக்கொண்டிருந்த பெண் ஊழியர்களைக் கேலி செய்யாத ஆண் அந்த நாளில் இல்லை. அவரவர் வீட்டில் போட்ட ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் கேலி செய்தார்கள்.

எனக்குக் குரு, கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மாள். அந்த வீட்டில் எல்லோரும் 'பீஜி' என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். பிரிவினையின்போது லாயல்பூரிலிருந்து வந்த குடும்பம். சின்ன வயதில் துடைப்பக் குச்சியில் பின்னிப் பழகியதாகச் சொல்லுவார். எனக்கு ஊசி வாங்கித் தந்தது அவர்தான். சாம்பல் பூச்சுப் பூசிய போனி ஊசி, 12ஆம் நம்பரில் ஒரு ஜோடி, 9ஆம் நம்பரில் ஒரு ஜோடி. இந்தப் பழைய பிரிட்டிஷ் கணக்கில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். இடுப்புப் பட்டையும் மணிக்கட்டும் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும், அதற்கு 12. உடம்புப் பகுதி தளர்வாக விழ வேண்டும், அதற்கு 9. "சீதா, உல்டா. ரெண்டே ரெண்டுதான், மகளே. உலகத்தில் உள்ள அத்தனை டிசைனும் இதற்குள்ளே" என்றார். நான் நம்பவில்லை. பிற்பாடு பார்த்தால் அந்த அம்மாள் சொன்னதில் மிகை ஒன்றுமில்லை. சீதா என்றால் நேராக ஒரு கண்ணி, உல்டா என்றால் மறித்து ஒரு கண்ணி. மீதியெல்லாம் அவற்றை எந்த வரிசையில் அடுக்குகிறோம் என்பதும், நடுவில் எதைத் தாண்டுகிறோம், எதைச் சேர்க்கிறோம் என்பதும்தான்.

பீஜியிடம் நான் கற்றதில் உயர்ந்த வித்தை பின்னுவது அல்ல, பிரிப்பது. பிள்ளை வளர்ந்து ஸ்வெட்டர் சின்னதாகிவிட்டால் அதைத் தூக்கிப் போடுகிற வழக்கம் அந்த பிளாக்கில் எந்த வீட்டிலும் இல்லை. முதலில் பக்கத் தையலைக் கண்டுபிடித்து அதை மட்டும் கத்தரிக்க வேண்டும். கத்தரி ஒரு இழை தவறினால் நூறு துண்டு. கைகளைத் தனியே கழற்றிய பின், கழுத்துப் பக்கம் கடைசியாக முடிந்த முடிச்சைத் தேடி அவிழ்க்க வேண்டும். முடித்த முனையிலிருந்துதான் பின்னல் ஒழுங்காகப் பிரியும், தொடங்கிய முனையிலிருந்து இழுத்தால் சிக்கும். முடிச்சு அவிழ்ந்ததும் ஒருவர் இழுக்க, இன்னொருவர் நாற்காலி முதுகில் சுற்றிக்கொண்டே போக வேண்டும். வரிசை வரிசையாகச் சரசரவென்று அவிழ்ந்து வரும் அந்த நூல், இத்தனை வருஷம் கண்ணிக்குள் வளைந்து கிடந்த ஞாபகத்தில், உலர்ந்த சேமியா மாதிரி நெளிநெளியாக இருக்கும். அப்படியே பின்னினால் மேடும் பள்ளமுமாகத்தான் வரும். அதனால் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, பூந்திக்கொட்டை ஊற வைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டு, அடியில் ஒரு டம்ளரைக் கட்டிவிடுவார் பீஜி. மறுநாள் நூல் நிமிர்ந்து நிற்கும். அதையே இரண்டு வரிசை புது நிறம் சேர்த்துப் போட்டால், பெரிய பையனுக்கு இந்த வருஷத்து ஸ்வெட்டர் தயார். ஒரே நூல் அப்பாவின் அரைக்கை ஸ்வெட்டராகவும், மகனின் முழுக்கையாகவும், பிறகு கைக்குழந்தையின் குல்லாவும் காலுறையுமாகவும் பிறவி எடுத்து வந்ததை அந்தக் குடியிருப்பில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உல்லன் வாங்கப் போவது தசரா முடிந்ததும் தொடங்கும். கரோல்பாக் அஜ்மல்கான் ரோட்டில் திங்கட்கிழமை கடை அடைப்பு. அன்றைக்கு நடைபாதை வியாபாரிகளின் ராஜ்யம். அந்த நாளில் பீஜியோடு போவேன். 'ப்யூர் உல்' என்று கடைக்காரன் சத்தியம் செய்வான். பீஜி ஒரு முழ நூலைக் கிள்ளி, ரவிக்கைக்குள்ளிருந்து தீப்பெட்டியை எடுத்துப் பற்றவைத்து முகர்ந்து பார்ப்பார். நிஜக் கம்பளி என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், சுடரை விலக்கியதும் தானே அணைந்துவிடும், நுனியை நசுக்கினால் பொடியாகும். செயற்கை நூல் என்றால் உருகிச் சொட்டும், ஆறியதும் கறுப்பு மணி ஒன்று நுனியில் இறுகியிருக்கும். காஷ்மிலான் வந்து பரவிய காலம் அது. ஜப்பானிய நிறுவனம் ஒன்று தன் அக்ரிலிக் இழைக்கு வைத்த பெயர். எங்கள் பிளாக் பெண்களுக்குச் செயற்கை உல்லன் எல்லாமே காஷ்மிலான்தான். விலை குறைவு, பூச்சி அரிக்காது, எப்படி அடித்துத் துவைத்தாலும் சுருங்காது, நிறமோ கண்ணைப் பறிக்கும். பீஜிக்கு அதன்மேல் மரியாதை இல்லை. "இது குளிரைத் தடுக்காது, குளிரோடு சேர்ந்து கூத்தடிக்கும்" என்பார். ஆனால் பள்ளிக்கூட ஸ்வெட்டருக்கு அதைத்தான் வாங்கினார். பையன்கள் ஸ்வெட்டரின் கையால்தான் மூக்கைத் துடைக்கிறார்கள், அதற்கு எதற்கு ஆட்டு ரோமம் என்பது அவர் வாதம்.

இதையெல்லாம் ஆசையாகச் சொல்கிறேனே தவிர, தில்லியில் இருந்த இருபது வருஷமும் நான் ஆசைப்பட்டுப் பின்னியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது இட்லிக்கு அரைப்பதற்கும் துணி மடிப்பதற்கும் நடுவில் வருகிற ஒரு வேலை. பள்ளிக்கூடத்துக்கு நேவி ப்ளூ. வீட்டுக்காரர் ஆபீஸுக்குச் சாம்பல் நிறம் அல்லது மெரூன். மாமனாருக்குப் பழுப்பு, அதிலும் அழுக்குத் தெரியாத பழுப்பு. எனக்கென்று போட்டுக்கொண்டது எல்லாருடைய மிச்சத்தையும் சேர்த்துப் பட்டை பட்டையாக வந்த ஒன்று. அதற்குப் பெயர் டிசைன் என்று நானே சொல்லிக்கொண்டேன். ஒரு நிறம் பிடித்திருக்கிறது என்பதற்காக நான் உல்லன் வாங்கியது கிடையாது. அப்படி வாங்கலாம் என்றே தோன்றியதும் இல்லை.

1999இல் அவருக்கு மாற்றலாகிச் சென்னை வந்தோம். மாம்பலத்து வீட்டில் தகர டிரங்குப் பெட்டிக்குள் ஊசிகளும் மிச்ச உல்லனும் போய்ப் பரண் ஏறின. இங்கே மார்கழியில் இருபது டிகிரிக்குக் கீழே இறங்கினால் செய்தி. பஜனைக்குப் போகும் தாத்தாக்கள் மங்கி குல்லா போட்டுக்கொள்வார்கள். அதையும் நடைபாதையில் வாங்கிக்கொள்வார்கள். எனக்கு வேலை போயிற்று. பல வருஷம் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை, அதற்காக வருத்தப்பட்டதாகவும் ஞாபகமில்லை.

பிறகு ஒருநாள் ரவிக்கைக்கு லைனிங் துணியும் கொக்கியும் வாங்க சௌகார்பேட்டைப் பக்கம் போனபோது, ஒரு சந்துக்குள் மெஜந்தா, பச்சை, ஆரஞ்சு எனக் கட்டுக் கட்டாக உல்லன் தொங்கும் கடையைப் பார்த்தேன். உள்ளே மேல் தட்டில், கூச்சலிடும் அந்த நிறங்களுக்கு நடுவே, மாம்பழ மஞ்சளில் நான்கு உருண்டை. பங்கனபள்ளி பழுத்து இரண்டாம் நாள் வருமே, அந்த மஞ்சள். கடைக்காரர் மார்வாடிப் பெரியவர். "ப்ராஜெக்டா?" என்றார். பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் பொம்மை செய்யவும் சுவரில் மாட்டும் அலங்காரம் செய்யவும்தான் சென்னையில் உல்லன் அதிகம் போகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. "இல்லை" என்றேன். "பின்னே, யாருக்கு?" என்றார் அவரும். ஒரு பதிலும் சொல்லாமல் நான்கையும் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் கேட்டதற்கு, விலை சல்லிசாக இருந்தது என்று சொன்னதாக நினைவு. சல்லிசு இல்லை.

அந்த மஞ்சள் இன்றைக்கும் உருண்டையாகவே இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகுதான் பரணிலிருந்து பெட்டி இறங்கியது.

அந்தப் பெரியவர் கடைக்கு இப்போதும் போகிறேன். ராஜஸ்தானிலும் பஞ்சாபிலும் உறவுக்காரர்கள் உள்ள சௌகார்பேட்டைப் பெண்கள் தீபாவளிக்கு முன்னால் அங்கே மொய்ப்பார்கள். அந்த ஒரு மாதம்தான் நல்ல சரக்கு வரும். மற்ற மாதங்களில் லூதியானாவிலிருந்து வந்த தடிமனான அக்ரிலிக். கடையில் முதலில் பார்க்க வேண்டியது விலையையோ நிறத்தையோ அல்ல, உருண்டைமேல் ஒட்டிய காகிதப் பட்டையை. அதில் ஷேட் நம்பர் என்று ஒன்று, லாட் நம்பர் என்று ஒன்று அச்சடித்திருக்கும். ஷேட் ஒன்றாக இருந்து லாட் வேறானால், கடை விளக்கில் இரண்டும் ஒரே நீலமாகத்தான் தெரியும். பின்னி முடித்து வெயிலில் பிரித்துப் பார்த்தால் நெஞ்சுக்குக் குறுக்கே கோடு போட்ட மாதிரி அடுத்த நீலம் தொடங்கும். சாயத்தொட்டி ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை மாறத்தான் செய்யும். ஒரே லாட்டில் போதுமான அளவு கிடைக்கவில்லை என்றால் இரண்டு லாட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதில் இரண்டு வரிசை, அதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் போட்டால் கண் ஏமாந்துவிடும். ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு இந்த யோகமும் இல்லை. படத்தில் வாடாமல்லி, பார்சலில் கத்திரிப்பூ. நானும் வாங்குகிறேன், திட்டிக்கொண்டே.

ஊசியில் மட்டும் காலம் எனக்குத் தயை செய்திருக்கிறது. அலுமினிய ஊசி சென்னை வியர்வையில் விரலைக் கறுக்க வைக்கும், நூலும் அதில் ஒட்டிக்கொண்டு கிறீச்சிடும். இப்போது ஜெய்ப்பூரில் செய்கிற நிட்ப்ரோ மர ஊசிகள் வைத்திருக்கிறேன். பல நிற மர அடுக்குகளை ஒட்டிக் கடைந்தவை. இதே ஊசிகள் அமெரிக்காவில் வேறு பெயரில் விற்கின்றன. அங்கிருந்து வந்த மருமகள் ஒருத்தி எனக்குப் பரிசாக அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஜெய்ப்பூர் சரக்கு கடல் தாண்டிப் போய் மாம்பலம் வந்து சேர்ந்தது.

உண்மையான கம்பளி நூல் நம் ஊரிலேயே கிடைக்காதா என்று தேடியதுண்டு. தமிழ்நாட்டுச் செம்மறிகளில் மெல்லிய ரோமம் தருவது நீலகிரி இனம். 19ஆம் நூற்றாண்டில் மெரினோ, செவியட், சவுத்டவுன் கலப்பில் உருவானது. உதகை பக்கம் சாண்டிநல்லாவில் அதற்கென ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஊட்டிக் கடைவீதியிலோ நான் கேட்ட கடைகளில் அந்த ஆட்டின் நூல் அகப்படவில்லை. திபெத்திய வியாபாரிகள் அன்பாக எடுத்துக் காட்டிய ஸ்வெட்டர்களைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் லூதியானா. மலையேறிப் போய் மறுபடியும் லூதியானாவா என்று திரும்பிவிட்டேன்.

கம்பளியோடு இந்த ஊரில் குடித்தனம் நடத்துவதும் சுலபமில்லை. வசம்பு, வேப்பிலை, நாப்தலின் உருண்டை எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. இப்போது பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் ஃப்ரீஸரில் சில நாள் வைத்து எடுக்கிறேன். புழு இருந்தால் செத்துவிடும். ஐஸ்கிரீம் தேடி வந்த பேரன் ஒரு முறை அதைத் திறந்துவிட்டு, பாட்டி பூனையை உள்ளே வைத்திருக்கிறாள் என்று கத்தியதுதான் ஒரே இடைஞ்சல்.

இந்த ஊருக்கு ஏற்றது பருத்திதான் என்று தெரிந்துகொள்ள எனக்குத் திருப்பூர் போக வேண்டியிருந்தது. சென்னையில் ஸ்வெட்டரைப் பார்த்துச் சிரிக்கும் ஆண்கள் அத்தனை பேரும் உள்ளே போட்டிருக்கும் பனியன் என்ன? அதுவும் பின்னல்தான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், பீஜி சொல்லித்தந்த அதே சீதா வரிசை, மணல் அளவுக் கண்ணிகளில். தறியில் நெய்த துணியில் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும்; பனியனில் ஒரே இழை வளைந்து வளைந்து தனக்குள்ளேயே புகுந்து போகும். அதனால்தான் இழுத்தால் இழுபடுகிறது. திருப்பூரில் இயந்திரம் அதைச் சுழன்று சுழன்று செய்கிறது, நான் உட்கார்ந்து செய்கிறேன்.

காதர்பேட்டையைச் சுற்றி பனியன் மொத்த வியாபாரம். அங்கிருந்து தள்ளி, உறவுக்காரப் பையன் ஒருவன் அழைத்துப் போன கிடங்கில், ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சிய நூல் கோன்களைக் கிலோக் கணக்கில் குவித்திருந்தார்கள். எனக்குத் தலை சுற்றியது. சாமி சத்தியமாக, நகைக்கடையில்கூட அப்படிச் சுற்றியதில்லை. கிடங்குக்காரர் கேட்டது: "என்ன கவுண்ட் வேணும்ங்க? கோம்டா, கார்டடா?" பருத்தி நூலுக்கு எண் போடுவதிலும் ஊசிக் கணக்கு மாதிரியேதான், எண் கூடக் கூட நூல் மெலியும். ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டம் எத்தனை நிற்கிறது என்பதே கவுண்ட். இருபது சிட்டம் நின்றால் 20ஆம் நம்பர், முப்பது நின்றால் 30. பனியன் நூல் அத்தனையும் கைப் பின்னலுக்கு மிக மெல்லிசு. காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20ஆம் நம்பரில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 34 கிலோமீட்டர். எட்டு இழை சேர்த்தால் நூறு கிராமுக்கு நானூறு மீட்டர் சொச்சம். நாம் 4 ப்ளை என்று வாங்குகிற உல்லனின் கனம் வந்துவிடும். "அம்மா கணக்கு வாத்தியாருங்களா?" என்றார் கிடங்குக்காரர். அவரும் "யாருக்குங்க?" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. "நூல் வாங்கறவங்க எதுக்கோ வாங்கறாங்க, எனக்கு எடை போட்டா சரி" என்றார். மனுஷன் என்றால் அவர்.

கோம்டு வாங்கினேன். பஞ்சைச் சீப்பால் வாரிக் குட்டை இழைகளை நீக்கிய பிறகு நூற்றது அது, உடம்பில் உறுத்தாது. எட்டு இழையை ஒன்றாக்குவதுதான் பாடு. வெவ்வேறு அளவில் மீதிக் கோன்கள் எட்டை வாங்கி வந்து, ஒவ்வொன்றையும் ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி வட்டமாகத் தரையில் வைத்தேன். எட்டு முனையையும் மேலே ஊஞ்சல் கொக்கிக்குள் கொடுத்து, கீழே இழுத்து, ஒரே உருண்டையாகச் சுற்ற ஆரம்பித்தேன். ஒரு கோன் மட்டும் சோம்பேறித்தனமாக நூலைத் தளர விட்டாலும் அந்த இழை மற்ற ஏழைவிட நீண்டு, அங்கங்கே வளையமாகத் துருத்திக்கொள்ளும். அதனால் எட்டும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரே அழுத்தத்தில் ஓட வேண்டும். மின்விசிறி ஓடக் கூடாது. டம்ளர்கள் ஒவ்வொன்றும் தன் ஸ்ருதியில் கிணுகிணுக்கும். அவர் ஹாலுக்குள் வந்து, ஒன்றும் பேசாமல் பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

இப்போது ஊசியில் இருப்பவற்றைச் சொல்கிறேன். அவருடைய சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்று, முதுகு முடிந்து முன்பக்கம் பாதியில். தில்லியில் இருந்திருந்தால் இரண்டு வாரத்தில் போட்டுக் கொடுத்திருப்பேன். இங்கே அவருக்கும் அவசரமில்லை, எனக்கும் இல்லை. ஒற்றைக் காலுறை ஒன்று. ஜோடி போட மனம் வரவில்லை. குதிகால் திருப்புவது எப்படி என்று தெரிந்துகொள்ளத்தான் அதைத் தொடங்கினேன், தெரிந்துகொண்டுவிட்டேன்.

தங்கை மகளின் குழந்தைக்கு மினியாபொலிஸுக்குப் போகிற ஒரு சட்டை. எலிசபெத் ஸிம்மர்மன் என்ற அம்மாள் 1968இல் வெளியிட்ட வடிவம். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்து பின்னலுக்கென்றே புத்தகங்கள் எழுதியவர். 'பேபி சர்ப்ரைஸ்' என்பது அந்தச் சட்டையின் பெயர். முதுகு, முன்பக்கம், கை என்று துண்டு துண்டாகப் போடுவதெல்லாம் இல்லை. ஒரே துண்டு. இரண்டு மூலையில் கண்ணியைக் குறைத்துக்கொண்டே வந்து, பிறகு அதே இடங்களில் கூட்டிக்கொண்டே போக வேண்டும். முடித்ததும் கையில் இருப்பது எந்த உடம்புக்கும் பொருந்தாத, கோணல்மாணலான ஒரு கந்தல். அவ்வளவு உழைப்பும் வீண் என்று எவருக்கும் தோன்றும். அந்த மேல் மூலையை இங்கே மடித்து, இந்தப் பக்க மூலையை அங்கே மடித்தால், ஐயோ, கையும் கழுத்தும் உள்ள சட்டை. தோளில் இரண்டு தையல், பொத்தான், அவ்வளவுதான். காகிதக் கப்பல் செய்யத் தெரிந்த யாருக்கும் இது பிடிக்கும். பீஜிக்குக் காட்டியிருந்தால் "இதில் பாதி நேரம் மிச்சம்" என்று கணக்குப் பார்த்திருப்பார். இந்த வடிவத்தை வீட்டில் குழந்தை பிறக்காத வருஷத்திலும் நான் போட்டிருக்கிறேன், அந்த மடிப்பு விழுகிற நிமிஷத்துக்காக.

இந்த ஊரில் இப்படித் தனியாகப் பின்னுகிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்ததும் உண்டு. 2016 ஜனவரி 31 அன்று 'மதர் இண்டியாஸ் குரோஷே குயின்ஸ்' என்ற பெண்கள் குழு சென்னையில் உலகத்தின் மிகப் பெரிய குரோஷே போர்வையை விரித்துக் கின்னஸில் இடம் பிடித்தது. பரப்பு 11,148.5 சதுர மீட்டர். ஒற்றைக் கொக்கியால் செய்யும் குரோஷேயை இரட்டை ஊசிக்காரிகளான நாங்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்போம். அந்தப் போர்வையின் அளவைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன். முந்தைய மாதம்தான் வெள்ளத்தில் ஊர் மூழ்கி எழுந்திருந்தது. அத்தனை பெண்கள் எந்தெந்த வீட்டில் உட்கார்ந்து யாருக்கும் சொல்லாமல் கொக்கி போட்டுக்கொண்டிருந்தார்களோ.

திருப்பூர்ப் பருத்தி எதற்கு ஆகிறது என்று சொல்லவில்லையே. எங்கள் நடைப்பயிற்சிக் கூட்டத்தில் ஒரு தோழிக்கு மார்பகத்தில் அறுவைச் சிகிச்சை ஆயிற்று. கடையில் கிடைக்கும் சிலிகான் மார்பகம் கனம். நம் வெயிலில் அதன் அடியில் வியர்த்து, வடுவின்மேல் வேர்க்குரு வந்துவிடுகிறது என்றார். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து நடக்கும் 'நிட்டட் நாக்கர்ஸ்' முயற்சியைப் பற்றி அவர் மகள் படித்துச் சொன்னாள். பருத்தி நூலில் பின்னி, உள்ளே செயற்கைப் பஞ்சு அடைத்த மார்பகம். விலை வாங்காமல் கொடுப்பது. வடு ஆறிய பிறகு சாதாரண பிராவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம், கையில் எடுத்தால் எடையே தெரியாது, துவைத்துக் காய வைக்கலாம். வட்டமாக, இரு முனையும் கூரான சின்ன ஊசிகளில் போட்டு, நடுவை நோக்கிக் கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். பின்பக்கத்தில் சுருக்குப் போட்ட வாய். அதைத் தளர்த்திப் பஞ்சைக் கூட்டவோ குறைக்கவோ அவரவரால் முடியும். எட்டு இழைத் திருப்பூர் நூல் இதற்கென்றே பிறந்தது என்று சொல்லலாம்.

முதலில் எல்லாம் 'ஸ்கின் கலர்' என்று கடை சொல்லும் நிறத்தில் போட்டேன். அது யாருடைய ஸ்கின் என்று எனக்குத் தெரியவில்லை. மாம்பலத்தில் எவர் உடம்பிலும் நான் பார்த்ததில்லை. தேநீர்ச் சாயத்தில் முக்கியெல்லாம் பார்த்தேன். தோழி அனுப்பி வந்த இன்னொரு பெண்மணி, ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், நான் எடுத்து வைத்ததை ஒதுக்கிவிட்டு, "அக்கா, எனக்கு அரக்கு கலர்ல போட்டுத் தாங்களேன்" என்றார்.

"வெள்ளை ஜாக்கெட் போட்டா தெரியுமேம்மா."

"வெள்ளை நான் போடறதில்லை. யார் பார்க்கப் போறா? எனக்குத்தானே."

அந்த வாரமே கிடங்குக்காரருக்குப் போன் செய்தேன். அரக்கில் சின்னக் கோன் இல்லை, இரண்டு கிலோச் சொச்சத்தில் முழுக் கோன் ஒன்றுதான், கோம்டு, 20ஆம் நம்பர், எடுத்தால் முழுசாக எடுக்க வேண்டும் என்றார். எட்டாகப் பிரித்துச் சுற்றிக்கொள்வது என் பாடு. அனுப்பச் சொல்லிவிட்டேன். அந்த ஆசிரியைக்கு ஒரு ஜோடி போட நூறு கிராம்கூடப் போகாது. மீதியில் எனக்கு ஒரு மேல்சட்டை போட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன், இடுப்பு வரை, 10ஆம் நம்பர் ஊசியில். முழங்கை வரை கை வைத்தால் நானூறு கிராம் போதும். கழுத்தை வட்டமாக வைப்பதா, சதுரமாக வைப்பதா என்பதுதான் முடிவாகவில்லை. பார்சல் வியாழக்கிழமை வருகிறது.